அளக்கப்படாத பாதி

உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளின் ஏதேனும் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இது 17.5 விழுக்காடு ஆகும். குழந்தையில்லா இணையரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் உடல்நலக் குறைபாடு தனியாகவோ, பெண்ணின் குறைபாட்டோடு சேர்ந்தோ காணப்படுகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனால், நம் ஊர்களில் காரணத்தைத் தேடும் படலம் பெரும்பாலும் பெண்ணிடமே தொடங்குகிறது. பல நேரங்களில் பெண்ணிடமே முடிந்தும் விடுகிறது.

நான் வசிக்கும் செஞ்சி வட்டாரம் இதற்கு விதிவிலக்கன்று. இங்கிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுகளில் கூடும் கூட்டத்தில், பிள்ளை வரம் வேண்டி வரும் இளம் மனைவியரைக் காணலாம். விரதம் அவர்களுக்கு, ஸ்கேன் அவர்களுக்கு, ஊசியும் மாத்திரையும் அவர்களுக்கு, சுற்றத்தாரின் கேள்விகளும் அவர்களுக்கே. கணவரின் விந்துப் பரிசோதனையோ, எல்லாம் முடிந்த பிறகு தயக்கத்துடன் செய்யப்படுவதாக இருக்கிறது. குழந்தையின்மைக்காகச் செய்யப்படும் சோதனைகளில் மிக எளியதும், செலவு குறைந்ததும், வலியற்றதும் அதுதான். முதலில் செய்ய வேண்டிய மலிவான சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, விலையுயர்ந்த சோதனைகளில் தொடங்குவது எந்தப் பொருளாதாரக் கணக்குக்கும் பொருந்தாது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அலையும் பேருந்துச் செலவு, இழந்த நாள்கூலி, அடகுக்குப் போன நகை எனப் பல குடும்பங்கள் இந்தத் தலைகீழ் வரிசைக்குக் கொடுக்கும் விலை பெரிது.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இதன் வேரில் இருப்பது தரவுப் பிரச்னை என்பதாலேயே எழுதத் துணிந்தேன். அளக்கப்படாத ஒன்று திட்டங்களில் இடம்பெறுவதில்லை, மருத்துவத்திலும் அப்படியே. ஆணின் இனப்பெருக்க நலம் நெடுங்காலம் அளக்கப்படாத பாதியாகவே இருந்தது. கடந்த பத்தாண்டுகளுக்குள் அந்த நிலை உலக அளவில் வேகமாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் பெயர், ஒற்றைச் செல் வரிசைப்படுத்தல். அதன் பயன் நம் மக்களையும் வந்தடையுமா என்பதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் அத்தொழில்நுட்பம் என்னவென்று பார்ப்போம். தனிநபர் வருமானம் என்ற சொல்லை வாசகர்கள் அறிவார்கள். ஒரு மாவட்டத்தின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது அது. அந்த ஓர் எண், அரிசி ஆலை முதலாளியையும் அங்கே மூட்டை சுமப்பவரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. யார் வறியவர், எவ்வளவு வறியவர் என்பதை அறிய வேண்டுமானால் வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டும். அதனால்தான் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது.

உயிரியலிலும் நெடுங்காலம் சராசரியே ஆட்சி செய்தது. ஒரு துண்டுத் திசுவை எடுத்து, அதிலுள்ள இலட்சக்கணக்கான செல்களையும் ஒன்றாகக் கரைத்து, எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று அளப்பார்கள். நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு வகைச் செல்லும் அதில் சிலவற்றையே செயல்படுத்துகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே பொருள் பட்டியலைக் கொடுத்தாலும், ஒவ்வொரு வீடும் வாங்குவது வேறு வேறு அல்லவா? அதுபோல. செயல்படும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் நகல் உருவாகிறது. அந்த நகல்களை எண்ணினால் அந்தச் செல் என்ன வேலை செய்கிறது என்பது தெரியும். திசுவைக் கரைத்து எண்ணும்போது கிடைப்பது எல்லாச் செல்களின் சராசரி. ஒற்றைச் செல்லாகப் பிரித்து எண்ணும்போது கிடைப்பது வீடு வீடான கணக்கெடுப்பு.

ஒரு தனிச் செல்லின் ஆர்.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்தும் முதல் முயற்சி 2009-இல் வெளியானது. அப்போது விரல்விட்டு எண்ணத்தக்க செல்களையே ஆராய முடிந்தது. 2015-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய நுண்துளி முறை இந்நிலையை மாற்றியது. திசுவை நொதிகளால் பிரித்து, எண்ணெயில் மிதக்கும் மிகச் சிறு நீர்த்துளி ஒவ்வொன்றிலும் ஒரு செல்லை அடைக்கிறார்கள். அத்துளிக்குள் இருக்கும் நுண்மணி, அந்தச் செல்லின் ஆர்.என்.ஏ. நகல்கள் அனைத்திலும் ஒரே அடையாளக் குறியைப் பொறிக்கிறது. குடும்ப அட்டை எண்ணைப் போன்றது அக்குறி. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வரிசைப்படுத்தினாலும், எந்த நகல் எந்தச் செல்லுக்குரியது என்பதைக் கணினி பிரித்துவிடும். முடிவில் கிடைப்பது ஒரு மாபெரும் அட்டவணை. ஒரு பக்கம் மரபணுக்கள், மறுபக்கம் செல்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பொருளாதாரம் படித்தவனுக்கு இந்த அட்டவணை அந்நியமானதாகத் தோன்றாது.

விந்தணு உருவாகும் இடமான விந்தகத்தில் இந்த முறை தனிச்சிறப்பான பயன் தருகிறது. ஏனெனில், விந்தகம் ஒரே சமயத்தில் பல கட்டப் பணிகள் நடக்கும் ஒரு தொழிற்கூடம். அடிப்படை ஸ்டெம் செல்லில் தொடங்கி, முழு விந்தணுவாக உருப்பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. எந்த நாளில் பார்த்தாலும் அந்தப் பயணத்தின் எல்லாக் கட்டங்களிலும் உள்ள செல்கள் அங்கே அருகருகே இருக்கும். அவற்றைத் தாங்கி ஊட்டி வளர்ப்பவை 1865-இல் என்றிக்கோ செர்டோலி விவரித்த செர்டோலி செல்கள். ஆண் இயக்குநீரைச் சுரப்பவை அதற்கும் முன்பே, 1850-இல், பிரான்ஸ் லீடிக் கண்டறிந்த லீடிக் செல்கள். இவையன்றி இரத்தக் குழாய்ச் செல்களும் நோய் எதிர்ப்புச் செல்களும் உண்டு. விந்தகத்தில் மட்டுமே மிகுதியாகச் செயல்படும் மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று சுவீடனில் உருவான மனிதப் புரத வரைபடத் திட்டம் காட்டியது. இத்தனை பன்மை கொண்ட ஓர் உறுப்பைச் சராசரியால் அறிய முனைந்தால், எங்கே கோளாறு என்பது மறைந்துதான் போகும்.

2018-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயதுவந்த இளைஞர்களின் விந்தகத்திலிருந்து ஏறத்தாழ 6,500 செல்களைத் தனித்தனியே ஆராய்ந்து ஒரு வரைபடம் வெளியிட்டனர். விந்தணுவின் தொடக்கநிலைச் செல்களிலேயே ஐந்து தனித்த நிலைகள் இருப்பதை அது காட்டியது. அதே ஆண்டில் சீனாவிலிருந்தும் மனித விந்தகத்தின் ஒற்றைச் செல் ஆய்வு வெளியானது. 2020-இல் சீன ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி முன்னே சென்றனர். நலமுள்ளோர் 10 பேர், விந்தணு உற்பத்தியாகாதவர் 7 பேர் என 17 பேரின் சுமார் 88,000 செல்களை ஒப்பிட்டனர். காரணம் தெரியாத விந்தணு இன்மையால் பாதிக்கப்பட்டவர்களிடம், ஊட்டி வளர்க்க வேண்டிய செர்டோலி செல்கள் முதிர்ச்சி அடையாமலே நின்றுவிட்டிருப்பதை அவர்கள் கண்டனர். நோயாளி வரும்போது ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பிய இடத்தில், எந்தச் செல், எந்தக் கட்டத்தில் என்ற குறிப்பு முதன்முறையாகக் கிடைத்தது.

இவற்றை இன்னும் பயனுள்ளதாக்கியது, தரவு பொதுவில் வைக்கப்பட்டதுதான். மரபணுச் செயல்பாட்டுத் தரவுகளுக்காக அமெரிக்கத் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் 2000-இல் தொடங்கிய பொதுக் களஞ்சியத்தில் இத்தகைய ஆய்வுகளின் மூலத்தரவுகள் சேமிக்கப்படுகின்றன. ஆனால், மூலத்தரவைத் தரவிறக்கிக் கையாள்வது எல்லோராலும் இயலாது. ஆகவே, அவற்றைத் தொகுத்து, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, மரபணுவின் பெயரைத் தட்டினாலே அது எந்தச் செல்லில், எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்று படமாகக் காட்டும் தளங்கள் தோன்றின. பிரான்சின் ரென் நகரில் உருவான இனப்பெருக்க மரபணுத் தரவுத் தளமும், அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் குழந்தையின்மைக்கென்றே உருவாக்கிய ‘ஹிஸ்டா’ என்னும் விந்தக வரைபடமும் இத்தகையவை. இவற்றைப் பயன்படுத்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. கணினியும், இணையமும், கேட்கத் தெரிந்த ஒரு கேள்வியும் போதும்.

பொதுவில் வைக்கப்பட்ட தரவு எவ்வளவு நெடிய ஆயுள் உடையது என்பதற்கு எங்கள் விழுப்புரம் மாவட்டமே சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து அவரவர் கிராமங்களை ஆய்வு செய்யச் சொன்னார். அப்படி ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று இருவேல்பட்டு. 1918-இல் நூலாக வெளியான அந்தக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 1930-களிலும், 1980-களிலும், 2008-இலும் வெவ்வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பி வந்தனர். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, கூலி எப்படி உயர்ந்தது என்பதை ஏறத்தாழ நூறாண்டு நீளத்துக்குத் தமிழகம் அறிய முடிந்தது, முதல் கணக்கைப் பூட்டி வைக்காமல் அச்சிட்டதால்தான். ஸ்லேட்டரின் மாணவர் கேட்டிராத கேள்விகளுக்கும் அவர் எழுதிவைத்த எண்கள் விடை தந்தன. விந்தகத் தரவுத் தளங்களும் அத்தகையவை. ஒருவர் முதுமையைப் பற்றி அறியத் தொகுத்ததை, இன்னொருவர் பருவமடைதலைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துகிறார்.

பொதுப்பண்டம் என்னும் கருத்தைப் பொருளாதாரத்தில் 1954-இல் துல்லியமாக வரையறுத்தவர் பால் சாமுவேல்சன். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் அது. செஞ்சிக் கோட்டைக்குள் இன்றும் நிற்கும் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்ப்பவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். முற்றுகைக் காலத்தில் ஒருவர் உண்ட நெல் மற்றவருக்குக் கிடைக்காது. களஞ்சியம் காலியானால் கோட்டையும் வீழும். தரவுக் களஞ்சியம் அவ்வாறன்று. ஆயிரம் பேர் எடுத்தாலும் குறையாது. எடுப்பவர்கள் பெருகப் பெருக அதன் மதிப்பும் பெருகும். ஆனால், அத்தகைய பண்டத்தை உருவாக்கச் சந்தை தானாக முன்வருவதில்லை. செலவு செய்பவர் ஒருவர், பயனடைவோர் எல்லோரும் என்ற நிலையில் தனியார் தயங்குவர். ஆகவே, அரசும் பல்கலைக்கழகங்களும் முதலீடு செய்தாக வேண்டும். இது பொருளாதாரப் பாடநூலின் பால பாடம்.

இதனால் நம் மக்களுக்கு என்ன பயன்? இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் தலைமையிலான குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்களின் குழந்தையின்மைக்கான மரபணுக் காரணங்களை ஆராய்ந்து வருகிறது. விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், 8.5 விழுக்காட்டினரிடம் ஒய் குரோமோசோமின் சில பகுதிகள் விடுபட்டிருப்பதை அக்குழு காட்டியது. 2022-இல் வெளியான ஆய்வில், முதலில் 47 ஆண்களின் மரபணுக்களை முழுமையாக வரிசைப்படுத்தி, கண்டறிந்த மாற்றங்களை நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1,500 ஆண்களிடம் சரிபார்த்து, எட்டு மரபணுக்களை இனம்கண்டது. அவற்றுள் ஒன்றான சி.இ.டி.என்.1 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம், செல் பிரிதலையே தடுத்து விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது.

ஒரு மரபணுவில் பிழை இருக்கிறது என்று அறிவது பாதி விடைதான். அந்த மரபணு விந்தணு உருவாக்கத்தின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்று அறிந்தால்தான் நோயாளிக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும். விந்தணு இல்லாத ஆணின் விந்தகத்தில் நுண்ணோக்கியின் துணையோடு அறுவை செய்து தேடினால், உற்பத்திக் குறைபாடு உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே சில விந்தணுக்கள் கிடைக்கின்றன. மீதிப் பாதிப் பேர் வலியையும் செலவையும் தாங்கி, வெறுங்கையோடு திரும்புகின்றனர். குறிப்பிட்ட மரபணு விந்தணுவின் தொடக்கக் கட்டத்திலேயே தேவைப்படுவது என்று ஒற்றைச் செல் வரைபடம் காட்டினால், தேடினாலும் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரிக்கலாம். கடைசிக் கட்டத்தில் மட்டுமே தேவைப்படுவது என்றால் நம்பிக்கையோடு முயலலாம். இது இன்னும் அன்றாட மருத்துவமாகிவிடவில்லை. ஆயினும் அறுவைக்கு முன்பே இத்தகைய கணிப்பைத் தருவதே ஆய்வாளர்களின் இலக்கு. அந்தக் கணிப்பு ஒவ்வொன்றும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கடனைக் குறைக்கக்கூடும்.

பிள்ளை வேண்டுவோருக்கு மட்டுமன்றி, வேண்டாதோருக்கும் இத்தரவு உதவும். 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்களைச் சார்ந்திருக்கும் இணையர் 37.9 விழுக்காடு, ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காடு. அறுவையோ ஆணுறையோ தவிர ஆணுக்கெனப் பரவலான கருத்தடை முறை எதுவும் இதுவரை இல்லை. உடலின் வேறெங்கும் செயல்படாமல் விந்தகத்தில் மட்டும் செயல்படும் புரதத்தைக் கண்டறிந்து அதை மட்டும் தற்காலிகமாக நிறுத்தினால், பக்கவிளைவு குறைந்த மாத்திரை சாத்தியம். அந்தப் புரதங்களைத் தேடும் வரைபடமே இந்தத் தரவுத் தளங்கள். ஐதராபாத் குழு இனம்கண்ட எட்டு மரபணுக்களில் ஒன்று பி.ஆர்.டி.டி. அதே மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஒரு மூலக்கூறு, எலிகளில் விந்தணுக்களைக் குறைத்து, மருந்தை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியதாக 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால், அம்மூலக்கூறு உடலின் பிற பகுதிகளில் உள்ள ஒத்த புரதங்களையும் தடுப்பதால் அது அப்படியே மருந்தாக முடியவில்லை. துல்லியமான இலக்குக்குத் துல்லியமான வரைபடம் தேவை என்பதை இந்த அனுபவம் உணர்த்துகிறது. ஒரே மரபணு, குழந்தை இல்லாதவரின் துயருக்கும், இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ள விரும்பும் தாயின் சுமைக்கும் விடை தேடும் இடமாக இருக்கிறது.

இத்தரவின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாதிரி ஆய்வைக் கற்பித்தவன் என்ற முறையில் என் கண்ணில் முதலில் படுவது ஒன்று. 88,000 செல்கள் என்றதும் மலைப்பு ஏற்படுகிறது. ஆனால், அவை 17 பேரிடமிருந்து வந்தவை. மூன்று ஊர்களில் பத்தாயிரம் பேரைச் சந்தித்துவிட்டுத் தமிழ்நாட்டின் நிலை இதுதான் என்று சொல்ல இயலுமா? ஒரே ஊரில் உள்ளோர் ஒருவரையொருவர் ஒத்திருப்பர். ஒரே உடலில் உள்ள செல்களும் அப்படியே. ஆகவே, இங்கே உண்மையான மாதிரி அளவு மனிதர்களின் எண்ணிக்கையே தவிர, செல்களின் எண்ணிக்கை அன்று. ‘ஹிஸ்டா’ வரைபடமும் 12 பேரின் திசுவை அடிப்படையாகக் கொண்டதே. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் வெவ்வேறு முறைகளில் பெறப்பட்ட தரவுகளை ஒன்றிணைக்கும்போது, ஆய்வுக்கூடங்களின் வேறுபாடே நோயின் வேறுபாடாகத் தோற்றம் தரும் ஆபத்தும் உண்டு.

அந்தச் சில மனிதர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. நான் மேலே குறிப்பிட்ட விந்தக வரைபடங்கள் அமெரிக்காவிலும் சீனாவிலும் பெறப்பட்ட திசுக்களில் உருவானவை. நம் சமூகத்தின் மரபணு அமைப்புக்கெனச் சில தனித்தன்மைகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக உட்சாதியிலேயே மணம் செய்துகொண்டோம். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பிழையைப் பெறும்போது மட்டும் வெளிப்படும் குறைபாடுகள் இத்தகைய மண உறவுகளில் கூடுதலாகத் தோன்ற வாய்ப்புண்டு. விந்தணுவின் உருவாக்கத்தையும் அசைவையும் பாதிக்கும் சில குறைபாடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை. நம் ஆண்களிடம் காணப்படும் கோளாறுகளை அயல்நாட்டு வரைபடத்தில் மட்டும் தேடிக்கொண்டிருப்பது, இருவேல்பட்டின் நிலவரத்தை அறிய இலண்டனின் குடும்பச் செலவுக் கணக்கைப் புரட்டுவது போன்றது.

நம்மால் இயலாத செயல் அல்ல இது. மனித உடலின் எல்லாச் செல்களையும் வரைபடமாக்கும் பன்னாட்டு முயற்சியான மனிதச் செல் வரைபடத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டபோதே இந்திய அறிவியலாளர் பார்த்த மஜும்தார் அதில் பங்கேற்றார். இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து ஆகிய ஐந்து ஆசிய நாடுகளைச் சேர்ந்த 619 பேரின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பெருந்தொகுப்பு 2025-இல் வெளியானது. ஆசியர்களின் வேறுபாடுகளை அளக்காமல் விட்டால் மருத்துவம் முழுமை பெறாது என்பதை அது மெய்ப்பித்தது. அரியானாவின் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுப்புத் தரவு 2025 ஜனவரியில் அங்கிருந்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. களஞ்சியம் கட்டப்பட்டுவிட்டது, அதில் ஆண்களின் இனப்பெருக்க நலத்துக்குரிய ஒற்றைச் செல் தரவையும் நிரப்ப வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். இரத்தம் கொடுப்பது வேறு. விந்தகத் திசுவைக் கொடுப்பது வேறு. ஒரு சிற்றூரில் ‘அவருக்குக் குழந்தை பிறக்காதாம்’ என்ற பேச்சு ஒரு மனிதனின் வாழ்வையே குலைத்துவிடும். ஆர்.என்.ஏ. தரவிலிருந்து ஒருவரின் மரபணு அடையாளத்தின் ஒரு பகுதியை மீட்டெடுக்கவும் இயலும். எனவே, தொகுக்கப்பட்ட எண்ணிக்கை அட்டவணை அனைவருக்கும் திறந்திருக்க, தனிநபரை அடையாளம் காட்டக்கூடிய மூல வரிசை, உரிய அனுமதி பெற்ற ஆய்வாளருக்கு மட்டுமே கிடைக்கும் இரண்டடுக்கு முறை அவசியம். உலகின் முன்னணித் தரவுக் களஞ்சியங்கள் இம்முறையையே பின்பற்றுகின்றன. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், விளங்கிக்கொண்டு அளிக்கும் ஒப்புதலை வலியுறுத்துகின்றன. அந்த ஒப்புதல் படிவம் தமிழில், நோயாளிக்குப் புரியும் தமிழில் இருந்தால்தான் ஒப்புதலுக்குப் பொருள் உண்டு.

செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, குழந்தையின்மைக்காக வரும் இணையரில் கணவருக்கு விந்துப் பரிசோதனை முதல் வருகையிலேயே செய்யப்பட வேண்டும். வட்டார அரசு மருத்துவமனைகளிலேயே அதற்கான வசதியும் மறைவான இடமும் வேண்டும். இரண்டு, விந்தணுவைத் தேடும் அறுவைகள் நம் மாநிலத்தில் ஏற்கெனவே நடைபெறுகின்றன. ஆய்வுக்கெனத் தனியே யாரையும் அறுக்க வேண்டியதில்லை. அந்த அறுவையில் எஞ்சும் மிகச் சிறு திசுவை, நோயாளியின் ஒப்புதலோடு பாதுகாத்தாலே தமிழகத்தின் பல சமூகங்களையும் உள்ளடக்கிய தொகுப்பு சில ஆண்டுகளில் உருவாகும். மூன்று, மக்கள் வரிப்பணத்தில் பெறப்படும் அத்தரவு குறிப்பிட்ட காலத்துக்குள் தேசியத் தரவு மையத்தில் சேர்க்கப்படுவதை நிதியுதவிக்கான நிபந்தனையாக்க வேண்டும். நான்கு, நம் கல்லூரிகளில் புள்ளியியல், உயிரியல், கணினி அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு இத்திறந்த தரவுகளைக் கையாளக் கற்பிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிற்றூர்க் கல்லூரி, உலகத் தரமான ஆய்வில் பங்கேற்பதற்கு இதைவிட நல்ல வாயில் இல்லை. ஸ்லேட்டர் அன்று தம் மாணவர் கையில் வினாத்தாளைக் கொடுத்தார். இன்றைய ஆசிரியர்கள் தரவுத்தளத்தின் முகவரியைக் கொடுக்கலாம்.

இவற்றுள் கடைசி மூன்றும் நிறைவேறச் சில ஆண்டுகள் ஆகலாம். முதலாவதற்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதற்குப் புதிய அறிவியல் எதுவும் வேண்டியதில்லை; குழந்தையின்மை இருவருக்கும் பொதுவானது என்பதைக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டாலே போதும். ஆணின் உடலை செல் செல்லாக எண்ணும் அளவுக்கு அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில், கணவரை ஒரே ஒரு முறை பரிசோதிக்காமல் மனைவியை ஆண்டுக்கணக்கில் அலையவிடுவது அறியாமையாகாது, அநீதியாகும்.